மெஷின் லேட்டா வந்தா நஷ்டம் யாருக்கு? சலானில் கையெழுத்து போடும் முன் கவனிங்க!

கோவையில் ஒரு சின்ன இன்ஜினியரிங் யூனிட். வங்கிக் கடன் வாங்கி சிஎன்சி மெஷின் ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘8 வாரத்தில் டெலிவரி’ என்று பேச்சு. வந்ததோ 14-வது வாரம். அதற்குள் இஎம்ஐ ஆரம்பித்துவிட்டது, கையில் இருந்த ஆர்டரும் போய்விட்டது. லாரியைப் பார்த்ததும், ‘எப்படியோ வந்துச்சே’ என்ற நிம்மதியில் சலானில் கையெழுத்து போட்டுவிடுவார்கள்.

சிக்கலே அந்தக் கையெழுத்துதான்.

சட்டம் என்ன சொல்லுது?

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 55-ன்படி, காலக்கெடுதான் முக்கியம் என்று ஒப்புக்கொண்ட ஒப்பந்தத்தில் கெடு தவறினால், வாங்குபவர் அதை ரத்து செய்யலாம். ஆனால், லேட்டாக வந்த பொருளை ஏற்றுக்கொண்டால் தாமதத்துக்கு இழப்பீடு கேட்க முடியாது. ‘இழப்பீடு கேட்போம்’ என்று ஏற்றுக்கொள்ளும்போதே தெரிவித்திருந்தால் மட்டும் கேட்கலாம்.

இதைச் சரியாகச் செய்தது ஓஎன்ஜிசி. ஐரோப்பாவில் ஸ்டீல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் குழாய் சப்ளை தாமதமாகும் என்று சா பைப்ஸ் நிறுவனம் கூடுதல் அவகாசம் கேட்டது. அவகாசம் கொடுத்த ஓஎன்ஜிசி, இழப்பீட்டைப் பிடிப்போம் என்றும் கூடவே சொன்னது. 2003-ல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிடித்தம் செல்லும் என்றது.

பர்சேஸ் ஆர்டரில் என்ன இருக்கணும்?

* டெலிவரி என்றால் எது? கம்பெனி கேட்டைத் தாண்டுவதா, உங்கள் ஷெட்டில் இறங்குவதா, ஓட்டிக் காட்டுவதா?

* வாரத்துக்கு எவ்வளவு பிடித்தம்? அரசு கொள்முதலில் வாரத்துக்கு 0.5%, அதிகபட்சம் 10% என்பது வழக்கமான கணக்கு. பிரிவு 74-ன்படி, எழுதிய தொகைக்கு மேல் கிடைக்காது.

* மெஷின் எதற்காக? பிரிவு 73-லேயே ஒரு உதாரணம் இருக்கு. மெஷின் வராததால் மில் நிற்பதாகச் சொல்லியிருந்தால், தாமதமான நாட்களின் சராசரி லாபத்தைக் கேட்கலாம். கைவிட்டுப்போன அரசு ஒப்பந்தத்தின் நஷ்டத்தைக் கேட்க முடியாது. அதனால், எந்த ஆர்டரை நம்பி வாங்குகிறீர்கள் என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுப்பது நல்லது.

சப்ளையர் பக்கம் நியாயம் இல்லையா?

நிச்சயம் இருக்கு. அட்வான்ஸை இழுத்தடித்து, டிராயிங்குக்கு ஓகே சொல்லாமல் உட்கார்ந்துவிட்டு, தாமதத்துக்கு அவர் மேல் மட்டும் பழி போடுவது சரியல்ல. அட்வான்ஸும் டிராயிங் ஒப்புதலும் கிடைத்த நாளிலிருந்துதான் கெடு ஓடும் என்று அவரும் எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

‘பழகின மனுஷன், எதுக்கு இதெல்லாம்?’ என்பதுதான் பலரின் தயக்கம். ஆனால், இஎம்ஐ தேதிக்குப் பழக்கம் தெரியாது. முன்பே எழுதி வைத்துவிட்டால், லேட்டானாலும் சண்டை வராது, கணக்கு மட்டும்தான் வரும்.

அடுத்த முறை மெஷின் லேட்டாக வந்தால், இறக்குவதற்கு முன் ஒரு மெயில் போதும்: ‘தாமதத்துக்கு இழப்பீடு கேட்போம் என்பதைத் தெரிவித்தே மெஷினைப் பெற்றுக்கொள்கிறோம்.’ சலானிலும் அதையே எழுதிவிட்டுக் கையெழுத்து போடுங்க.