கேட்கப்படாத கேள்வி

சிறுநீரகக் கல்லை அகற்றுவது இப்போதெல்லாம் பெரிய அறுவைச் சிகிச்சையாகவே கருதப்படுவதில்லை. முதுகில் ஒரு சிறு துளை, இரண்டு மூன்று நாள் மருத்துவமனை வாசம், பிறகு வீடு. புணேயானாலும் திருநெல்வேலியானாலும் மருத்துவமனைகளின் விளம்பரப் பலகைகள் சொல்வது இதைத்தான். துளையிடப் போகும் மருத்துவர் இதற்கு முன் எத்தனை பேருக்கு இதைச் செய்திருக்கிறார் என்பதை மட்டும் எந்தப் பலகையும் சொல்வதில்லை. நோயாளிகளும் கேட்பதில்லை. கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும் என்று மருத்துவரைக் கட்டாயப்படுத்தும் விதியும் இல்லை.

விதி இல்லாவிட்டாலும், இந்தக் கேள்விக்கான சட்ட அடிப்படை உண்டு. அது புணேயில் நடந்த ஒரு சம்பவத்திலிருந்து பிறந்தது என்பது பலர் மறந்துவிட்ட செய்தி. 1953 மே மாதம், ரத்னகிரி மாவட்டம் பால்ஷேத் கடற்கரையில் நேர்ந்த விபத்தில் தொடை எலும்பு முறிந்த 20 வயது இளைஞர் ஒருவர் புணேயில் உள்ள தனியார் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார். முறையான மயக்க மருந்து கொடுக்காமல் எலும்பை வலிந்து இழுத்துப் பொருத்த முற்பட்டதால் ஏற்பட்ட அதிர்ச்சியில் அன்றிரவே அவர் இறந்தார். அவரது தந்தையும் ஒரு மருத்துவர்தான். நீதிமன்றப் படியேறிய அவருக்குச் சாதகமாக உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வர 1968 ஆகிவிட்டது. லட்சுமண் பாலகிருஷ்ண ஜோஷி எதிர் திரிம்பக் பாபு கோட்போலே என்ற அந்த வழக்கு சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடம். நோயாளிக்கு மருத்துவர் ஆற்ற வேண்டிய கடமைகள் மூன்று என்றது அத்தீர்ப்பு. எந்தச் சிகிச்சை தருவது என்று முடிவு செய்வதிலும், அதைத் தருவதிலும் காட்ட வேண்டிய கவனம் பிறகு வருவது. இந்த நோயாளியை ஏற்பதா, வேண்டாமா என்று முடிவெடுப்பதில் காட்ட வேண்டிய கவனமே முதல் கடமை.

அந்த முதல் கடமைதான் கல் அகற்றும் சிகிச்சையில் கேட்பாரற்றுக் கிடக்கிறது. 1976-இல் சுவீடனில் முதன்முதலாகச் செய்யப்பட்ட இந்தத் துளைவழிச் சிகிச்சை, வயிற்றை நீளமாகக் கீறும் கொடுமையிலிருந்து நோயாளிகளைக் காப்பாற்றியது உண்மை. ஆனால், வெளியே துளை சிறியதாக இருப்பதால் உள்ளே ஆபத்தும் சிறியது என்று பொருளல்ல. எக்ஸ்ரே அல்லது அல்ட்ராசவுண்ட் திரையைப் பார்த்தபடி, சிறுநீரகத்தின் சரியான அறைக்குள் ஊசியைச் செலுத்துவதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. மேலே நுரையீரல் உறை, பக்கத்தில் பெருங்குடல், உள்ளே ரத்தக் குழாய்கள். ஊசி சற்றே பிசகினால் ரத்தப்போக்கு, கிருமித் தொற்று. சில வேளைகளில் சிறுநீரகத்தையே இழக்கும் நிலை. ஒருவர் இதில் தேர்ச்சி பெற சுமார் 60 சிகிச்சைகளாவது செய்திருக்க வேண்டும் என்று வெளிநாட்டு ஆய்வுகள் மதிப்பிட்டுள்ளன. எண்ணிக்கையில் கருத்து வேறுபாடு இருக்கலாம். அந்த 60 பேரும் யாரோ ஒருவரின் தந்தையோ மகளோ என்பதில் கருத்து வேறுபாடு இருக்க முடியாது.

பயிற்சி பெறுபவர் உயிருள்ள உடலில்தான் கத்தி பிடித்துப் பழக வேண்டும் என்பதில்லை. பூசணியிலும் வெள்ளரியிலும் கீறிப் பழகச் சொன்ன சுஸ்ருதர், கல் அகற்றும் அறுவையை அரசனின் அனுமதி பெற்றே செய்ய வேண்டும் என்றும் எச்சரித்தார். இன்று மாதிரி உடல்களும் கணினிப் பயிற்சிக் கருவிகளும் இருக்கின்றன. மருத்துவக் கல்லூரிகளில் திறன் பயிற்சிக்கூடம் வேண்டும் என்பது 2019 முதல் விதி. ஆனால், கல்லூரியைத் தாண்டினால் விதி இல்லை. பட்ட மேற்படிப்பு மாணவர் தாம் உதவி செய்தது எத்தனை, மூத்தவர் மேற்பார்வையில் செய்தது எத்தனை என்று பதிவேட்டில் எழுதுகிறார். தேர்வு முடிந்ததும் அந்தப் பதிவேடு பரணுக்குப் போய்விடுகிறது. நோயாளிக்கு உண்மையில் தேவையான ஒரே ஆவணம் அதுதான் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

குஜராத்தின் பாலாசினோரில் 2011-இல் நடந்தது நினைவிருக்கலாம். 14 மில்லிமீட்டர் கல்லை அகற்றச் சென்றவரின் சிறுநீரகமே அகற்றப்பட்டது. சில மாதங்களில் அவர் இறந்தார். ரூ. 11.23 லட்சம் இழப்பீடு தரும் பொறுப்பு மருத்துவமனைக்கே உண்டு என்று மாநில நுகர்வோர் ஆணையம் சொன்னது 2021-இல். நமது சட்டங்கள் எல்லாமே இப்படி, இறந்த பிறகு விழிக்கின்றன. 2023 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் புதிய தண்டனைச் சட்டம் நிறைவேறியபோதும், மருத்துவர் அலட்சியத்தால் மரணம் நேர்ந்தால் எத்தனை ஆண்டு சிறை என்பதுதான் விவாதமானது. மரணம் நேராமல் தடுப்பது பற்றிப் பேச அவைக்கு நேரம் கிடைக்கவில்லை.

தடுப்பதற்கான வாய்ப்பை இதே நாடாளுமன்றம் 2010-இல் மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின் மூலம் உருவாக்கியது. மகாராஷ்டிரம் அதை ஏற்கவில்லை. 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டே காலம் தள்ளுகிறது. 2021-இல் திருத்தப்பட்ட விதிகள் நோயாளி உரிமைச் சாசனத்தையும் கட்டண விவரத்தையும் காட்சிக்கு வைக்கச் சொல்கின்றன. அதற்கே புணேயில் உள்ள மக்கள் நலவாழ்வு அமைப்புகள் உள்ளிட்டோர் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. தனிச் சட்டம் வைத்திருக்கும் தமிழகம் பெருமைப்பட்டுக்கொள்ள இதில் அதிகம் இல்லை. 1997-இல் இயற்றிய சட்டத்துக்கு விதிகள் வந்தது 2018-இல்.

எண்ணிக்கையை வலியுறுத்தினால் தௌண்ட், பாராமதி போன்ற ஊர்களின் சிறு மருத்துவமனைகள் நொடித்துப் போகும், எல்லோரும் பெருநிறுவன மருத்துவமனைகளிடம் போய் விழ வேண்டியதுதான் என்கிறார்கள் மருத்துவர்கள். இதைப் புறந்தள்ள முடியாது. ஆனால், எண்ணிக்கை குறைந்தவர் சிகிச்சையே செய்யக்கூடாது என்று யாரும் கோரவில்லை. அனுபவமுள்ள ஒருவர் அருகில் நிற்க வேண்டும், அதை நோயாளிக்குச் சொல்ல வேண்டும் என்பதே கோரிக்கை. உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட அறுவைச் சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியல் ஒரு தாள்தான். தில்லி உள்பட 8 நகரங்களில் அதைப் பின்பற்றிப் பார்த்தபோது இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது. அந்தப் பணிக்குத் தலைமையேற்ற அதுல் கவாண்டேயின் தந்தை, மகாராஷ்டிர கிராமம் ஒன்றிலிருந்து அமெரிக்கா சென்ற சிறுநீரியல் அறுவை மருத்துவர்.

புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. மகாராஷ்டிரத்தின் மகாத்மா ஜோதிராவ் புலே திட்டத்திலும், தமிழகத்தின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும், மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்திலும் மருத்துவமனைகளுக்குப் பணம் கொடுப்பது அரசுதான். சிகிச்சைத் தொகையைக் கோரும் படிவத்தில், செய்தவர் யார், இதுவரை எத்தனை செய்துள்ளார், உடன் நின்ற மூத்தவர் யார், உள்ளே வைத்த ஸ்டென்ட் குழாயை எந்தத் தேதியில் எடுக்க வேண்டும் என நான்கு வரிகளைச் சேர்த்தால் போதும். அந்தக் கடைசி வரி அவசியம். எடுக்க மறந்த குழாயுடன், அதன் மேலேயே புதிய கல் படிந்து, ஆண்டுகள் கழித்து வந்து நிற்கும் ஏழை நோயாளிகளை அரசு மருத்துவமனைகளின் சிறுநீரியல் பிரிவுகள் நன்கு அறியும். இதே வரிகள் நோயாளி கையொப்பமிடும் ஒப்புதல் படிவத்திலும் அவரது தாய்மொழியில், கையொப்பத்துக்கு மேலே இடம்பெற வேண்டும்.