சிவப்பு விளக்கு பச்சையாகிறதா, பாருங்கள்



ஐப்பசி நெருங்குகிறது. மழையோடு கரண்ட் கட்டும் வரும் என்பதால், அலமாரியில் கிடக்கும் டார்ச் லைட்டைத் தேடி எடுத்து சார்ஜ் போடும் நாட்கள் இவை. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைப் புரட்டிப் போட்டபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் சென்னையை மூழ்கடித்தபோதும், கையில் ஒரு வெளிச்சம் இருப்பதன் அருமையைப் பல வீடுகள் உணர்ந்தன. இரவில் மோட்டார் போட வயலுக்குப் போகிறவருக்கு, வரப்பில் என்ன கிடக்கிறது என்று பார்த்துக் கால் வைக்க டார்ச் வேண்டும். அதனால்தான் இந்த மாதம் அதைப் பற்றியே பேச நினைத்தேன். குறிப்பாக, திருவிழாத் தரைக்கடையிலும் இணையத்திலும் நூறு, இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும், போன் கேபிளையே செருகி சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் டார்ச்சுகளைப் பற்றி.

இந்த யுஎஸ்பி டார்ச்சுகள் வருவதற்கு முன்பு நம் வீடுகளில் வேறொரு ரீசார்ஜ் டார்ச் இருந்தது. பின்பக்கத்தை இழுத்தால் இரண்டு பின் வெளியே வரும். நேராகச் சுவர் பிளக்கில் செருகுவோம். உள்ளே 4 வோல்ட் ஈய அமில பேட்டரி. பெரும்பாலானவற்றில் 230 வோல்ட்டைக் குறைக்க டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது; ஒரு கெப்பாசிட்டரும் நாலு டையோடும்தான். சார்ஜ் ஏறும்போது அதன் உள்பாகத்தில் விரல் பட்டால், மெயின் கரண்டையே தொட்டதாகிவிடும். உறை உடைந்த பிறகும் டேப் ஒட்டி அதைப் பயன்படுத்திய வீடுகள் உண்டு. அந்த வகையில் யுஎஸ்பி வந்தது நல்லதே. தரமான அடாப்டர் 230 வோல்ட்டைத் தன்னோடு நிறுத்திக்கொண்டு 5 வோல்ட்டை மட்டும் வெளியே விடுகிறது.

ஆனால் அந்த நிம்மதி டார்ச்சின் சார்ஜ் துளை வரைதான் செல்லும். யுஎஸ்பி என்ற தரம் சொல்வதெல்லாம், அந்தத் துளைக்கு வந்து சேரும் மின்சாரம் எப்படி இருக்க வேண்டும் என்பதைத்தான். துளையிலிருந்து பேட்டரி வரை என்ன நடக்கிறது என்பது டார்ச்சைச் செய்தவரின் பொறுப்பு. போனில் அந்தப் பொறுப்பை நிறைவேற்ற ஒரு பெரிய நிறுவனமே உட்கார்ந்து வேலை செய்திருக்கும். பெயரில்லாத டார்ச்சில் யார் செய்தார்கள், செய்தார்களா என்பதை நாம்தான் பார்த்தாக வேண்டும். ஒரே கேபிள், ஒரே துளை என்பதால் உள்ளேயும் ஒரே மாதிரி இருக்கும் என்று நம்பிவிடுகிறோம்.

இந்த டார்ச்சுகளில் இருப்பது பெரும்பாலும் 18650 என்று எண் போட்ட லித்தியம் அயன் பேட்டரி. 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் என்பதால் அந்த எண். 1991-ல் சோனி நிறுவனம் முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயன் தொழில்நுட்பம் இது. இதற்கு அடித்தளமிட்ட குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. கையடக்க உருளைக்குள் இவ்வளவு ஆற்றலைச் சேர்த்துவைக்கும் இந்தப் பேட்டரிக்குக் கண்டிப்பான ஒரு விதி உண்டு. குழாயடியில் குடம் பிடிக்கும்போது முதலில் முழு வேகத்தில் திறந்துவிட்டு, கழுத்து நெருங்கியதும் குழாயைச் சிறுகத் திருகி, விளிம்பு தொட்டதும் அடைத்துவிடுவோமே, அப்படித்தான் இதற்குச் சார்ஜ் ஏற்ற வேண்டும். பெரும்பாலான செல்களுக்கு அந்த விளிம்பு 4.2 வோல்ட்.

அந்த வேலையைச் செய்ய ஒரு சிறு ஐசி போதும். டிபி4056 என்பது மலிவான பொருட்களில் பரவலாக இருப்பது, 4.2 வோல்ட்டைத் தொட்டு கரண்ட் பத்தில் ஒரு பங்காகக் குறைந்ததும் தானே நிறுத்திவிடும். அதற்கு மேல் காவலுக்கு டிடபிள்யூ01 போன்ற இன்னொரு ஐசியையும் வைப்பார்கள். இரண்டும் சேர்ந்து சில ரூபாய்தான். அந்தச் சில ரூபாயையும் மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள், 5 வோல்ட் வரும் வழியில் ஒரு டையோடும் ஒரு ரெசிஸ்டரும் மட்டும் வைத்து நேரே பேட்டரியோடு இணைத்துவிடுகிறார்கள். டையோடு 0.7 வோல்ட்டைப் பிடித்துக்கொள்ளும், மீதி 4.3-தானே என்பது அவர்கள் கணக்கு. 4.3 என்பதே எல்லை தாண்டியது. தவிர, பேட்டரி நிரம்ப நிரம்ப ஓடும் கரண்ட் குறையும். கரண்ட் குறைந்தால் டையோடு பிடித்துக்கொள்ளும் வோல்ட்டும் குறையும். இரவு முழுக்க விட்டுவைத்தால் பேட்டரி 4.3-லும் நிற்காமல் மேலே ஊர்ந்துகொண்டே போகும்.

எல்லை தாண்டிய செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படியத் தொடங்கும். நேர்முனையில் உள்ள பொருள் நிலைகுலைந்து ஆக்சிஜனை விடும். நடுவில் இருக்கும் திரவமோ எரியக்கூடியது. சூடே மேலும் சூட்டைக் கிளப்பும் கட்டம் வந்துவிட்டால் கேபிளைப் பிடுங்கினாலும் நிற்காது. போன் பேட்டரி கெட்டால் பல நேரம் உப்பி, பின்மூடியைத் தள்ளிக் காட்டிக்கொடுத்துவிடும். எஃகு உறைக்குள் இருக்கும் 18650 அப்படிக் காட்டிக்கொடுப்பதில்லை. வாயு வெளியேற அதன் தலையில் சிறு வழி வைத்திருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் தண்ணீர் புகாதபடி ரப்பர் வளையம் போட்டு இறுக்கிய அலுமினியக் குழாய்க்குள் அந்த வாயு எங்கே போகும்? அழுத்தம் ஏறி ஏறி, ஒருநாள் அந்தக் குழாயே வெடித்துச் சிதறக்கூடும்.

எனவே உங்கள் வீட்டு டார்ச்சில் இன்றே ஒன்றைக் கவனியுங்கள். சார்ஜ் போடும்போது எரியும் சிவப்பு விளக்கு, சில மணி நேரம் கழித்துப் பச்சையாகவோ நீலமாகவோ மாறுகிறதா, அல்லது அணைகிறதா? எத்தனை மணி நேரமானாலும் சிவப்பாகவே எரிந்துகொண்டிருந்தால், அது 5 வோல்ட் வருகிறது என்பதை மட்டும் காட்டும் விளக்கு. உள்ளே நிறுத்துவதற்கு ஆளில்லை என்று சந்தேகப்படலாம். பேட்டரியைக் கழற்ற முடிகிற டார்ச்சாக இருந்தால் இன்னும் உறுதியாகத் தெரிந்துகொள்ளலாம். நீங்கள் விழித்திருக்கும் நேரத்தில் சார்ஜ் ஏற்றி, கேபிளை எடுத்தபின் பேட்டரியை வெளியே எடுத்து, தெரிந்த எலெக்ட்ரீஷியனிடம் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 4.2-ஐ ஒட்டி இருந்தால் சரி. 4.25-ஐத் தாண்டினால் அந்த டார்ச்சில் இனி கேபிளைச் செருக வேண்டாம். அளப்பது ஒரு நிமிட வேலைதான்.

இதைவிட அதிகம் பேசப்படாத ஆபத்து ஒன்று, ஜூம் செய்யும் டார்ச்சுகளில் இருக்கிறது. அவற்றோடு இரண்டு உறைகள் தருவார்கள். ஒன்று 18650 பேட்டரிக்கு. மற்றது, டிவி ரிமோட்டுக்குப் போடும் சிறு பேட்டரிகள் மூன்றைச் சேர்த்து வைக்க. 18650 கிடைக்காத இடத்தில் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த டார்ச்சிலும் சார்ஜ் துளை இருக்கிறது. வெளிச்சம் மங்கியதும், உள்ளே இருப்பது எந்தப் பேட்டரி என்று பார்க்காமல் பிள்ளைகளோ பெரியவர்களோ கேபிளைச் செருகிவிட்டால், சார்ஜ் செய்யவே கூடாத சாதா பேட்டரிக்குள் மின்சாரம் பாயும். அது கசியும், வெடிக்கவும் கூடும். உள்ளே நல்ல ஐசி இருந்தாலும் இந்த வித்தியாசம் அதற்குத் தெரியாது. இந்த வகை டார்ச் வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தேர்ந்துகொண்டு மற்ற உறையை எடுத்து அப்புறப்படுத்திவிடுவது நல்லது.

நம் ஊர்ப் பழக்கம் ஒன்றும் இதில் சேர்கிறது. வெளிச்சம் முழுதாக அணையும் வரை எரியவிட்டு, அப்படியே மாதக்கணக்கில் அலமாரியில் போட்டுவிடுகிறோம். அளவுக்கு மீறி வடிந்த நிலையில் வெகுநாள் கிடந்த செல்லுக்குள் செம்புத் தகடு கரைய ஆரம்பிக்கலாம். பிறகு சார்ஜ் ஏற்றும்போது கரைந்த செம்பு வேண்டாத இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம். போன மழைக்காலத்தில் அணைந்த டார்ச்சை இந்த மழைக்காலத்தில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறோமே, அதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் காட்சி.

தலையில் கட்டும் லைட்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். குமரி மாவட்டத்தில் விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள், இருட்டிலேயே மல்லிகை மொட்டுப் பறிக்கும் பெண்கள், எல்லோருக்கும் அதுதான் வெளிச்சம். பல லைட்டுகளில் பேட்டரிப் பெட்டி பின்மண்டையை ஒட்டி இருக்கும். நாள்தோறும் வியர்வையும் பனியும் மழையும் படும்; துளையை மூடும் ரப்பர் மூடி சில மாதங்களில் தளர்ந்துவிடும். தினமும் சார்ஜ் ஏற வேண்டும் என்பதால், வேலை முடிந்து வந்ததும் ஈரம் காயுமுன்பே செருகிவிடுவார்கள். வீட்டுக் கூரையோ தகரம் அல்லது ஆஸ்பெஸ்டாஸ். கோடையில் அதன் கீழ் வெப்பம் எவ்வளவு ஏறும் என்று நமக்குத் தெரியும். இந்த வகைப் பேட்டரிக்கு 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் சார்ஜ் ஏற்றக் கூடாது என்பது பொதுவான வரம்பு. தோட்ட உரிமையாளர்களுக்கு என் வேண்டுகோள்: ஆட்களுக்கு லைட் வாங்கித் தரும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். நிழலான திண்ணையில், பகலில், ஒருவர் கண்ணில் படும்படி எல்லா லைட்டுகளுக்கும் சார்ஜ் போட ஓர் இடம் ஒதுக்கிக் கொடுங்கள்.

வாங்கும்போது என்ன பார்ப்பது? பேட்டரியின் மேல் கொள்ளளவு 9900 எம்ஏஹெச் என்று அச்சிட்டிருந்தால் அது பொய். பெயர்பெற்ற நிறுவனங்களின் நல்ல 18650-ல்கூட 3500 அளவுதான் வழக்கமான உச்சம். எடை 45 கிராமை ஒட்டி இருக்கும். கையில் வைத்ததும் லேசாகத் தெரிந்தால் தவிர்த்துவிடுங்கள். பழைய லேப்டாப் பேட்டரிகளைப் பிரித்து, புதுப் பிளாஸ்டிக் சுற்றி விற்பதும் நடக்கிறது. நம் நாட்டில் இத்தகைய பேட்டரிகளுக்கு ஐ.எஸ். 16046 தரத்தின் கீழ் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு கட்டாயம். ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம். எண்ணே இல்லாவிட்டால் வாங்காதீர்கள்.

டைப் சி துளை இருந்தாலே புதியது, நல்லது என்று கடைக்காரர் சொல்லக்கூடும். இரண்டு பக்கமும் டைப் சி உள்ள கேபிளைச் செருகிப் பாருங்கள். சார்ஜ் ஏறாவிட்டால், 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டை உள்ளே வைக்காமல் விட்டிருக்கலாம். அதனால் மட்டும் ஆபத்து இல்லை. ஆனால் சில காசு பெறுமானமுள்ளதை விட்டவர் வேறு எதையெல்லாம் விட்டிருப்பார் என்று நான் யோசிப்பேன். போனின் 65 வாட் சார்ஜரில் போடலாமா என்றும் கேட்கிறார்கள். தரமான சார்ஜர் முதலில் 5 வோல்ட்தான் தரும். கருவி கேட்டால் ஒழிய உயர்த்தாது. பயப்பட வேண்டியது வாட் எண்ணுக்கு அல்ல, பெயரில்லாத அடாப்டருக்கு.

பேட்டரியைக் கழற்றி வெளிச் சார்ஜரில் போடக்கூடிய டார்ச்சையே நான் பரிந்துரைப்பேன். அதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. உதிரி 18650 செல்களைத் தனியே வாங்கிப் பயன்படுத்துவது ஆபத்து என்று அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2021 ஜனவரியில் அறிவித்தது. சட்டைப்பையில் சாவியோ சில்லறையோ உரசினாலே ஷார்ட் ஆகிவிடலாம். பாதுகாப்பு சர்க்யூட் உள்ளதாகப் பார்த்து வாங்கி, பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள். தனியாக இருக்கும் முதியவர்களுக்கு இத்தனையும் வேண்டாம். பென்சில் பேட்டரி போடும் சாதாரண எல்இடி டார்ச் ஒன்றும், பிரிக்காத ஒரு பேட்டரி பாக்கெட்டும் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். சார்ஜ் செய்துதான் ஆக வேண்டும் என்றால் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை இருக்கிறது. லித்தியம் அளவுக்கு முரண்டு பிடிக்காது.

சார்ஜ் ஏறும் டார்ச்சைத் தலையணைப் பக்கத்திலோ மெத்தை மேலோ வைக்காதீர்கள். மொசைக் தரையோ சிமெண்டுத் திண்ணையோ போதும். தொட முடியாத சூடு, ‘உஸ்’ என்ற சத்தம், இனிப்பான ஒரு ரசாயன வாடை என எது தெரிந்தாலும், டார்ச்சின் அருகே போகாமல் பிளக் சுவிட்சை அணைக்க முடிந்தால் அணைத்துவிட்டு, வீட்டில் இருப்பவர்களை வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். புகையைச் சுவாசிக்கக் கூடாது. அதில் நச்சு வாயு இருக்கும். மின்சாரம் நின்றது உறுதியானால், தூரத்திலிருந்து நிறையத் தண்ணீர் ஊற்றலாம். சிறிய லித்தியம் அயன் பேட்டரியைக் குளிர்விக்கத் தண்ணீரே ஏற்றது. அணைந்த பிறகும் மறுபடி பற்றக்கூடும், உடனே கையில் எடுக்க வேண்டாம்.

ஒதுக்கிவைத்த பழைய பேட்டரியைக் குப்பைத்தொட்டியில் போட்டால் குப்பை வண்டியில் நசுங்கித் தீப்பிடிக்கக்கூடும். அங்கே வேலை செய்பவர் நம்மால் காயப்படலாம். 2022-ன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி இவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. இரண்டு முனைகளிலும் டேப் ஒட்டி, தனியாக ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்து, உங்கள் ஊரில் மின்னணுக் கழிவு சேகரிக்கும் நாளில் ஒப்படையுங்கள். உங்கள் பகுதியில் அப்படி ஓர் ஏற்பாடு இருந்தால், இடத்தையும் நாளையும் எங்களுக்கு எழுதுங்கள். மாவட்டவாரியாகத் தொகுத்து வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்