கட்டற்றது வேறு, கூலியற்றது வேறு

ஓய்வு நேரத்தில் கட்டற்ற இசை மென்பொருள் எழுதுகிற ஒருவர் அதற்குக் காசு கேட்கலாமா? கணினி படிக்கும் பிள்ளைகளிடையே இந்த வாக்குவாதம் அடிக்கடி கிளம்புகிறது. "ஆசைக்குச் செய்கிற வேலைக்கு எதற்குக் காசு? கலையை விற்கலாமா? எல்லோருக்கும் சும்மா கொடுப்பதுதானே பெருந்தன்மை?" என்கிறது ஒரு தரப்பு. நாங்கள் மறுதரப்பில் நிற்கிறோம். கேட்கலாம். கேட்க வேண்டும். நிரலைத் திறந்தே வைத்துக்கொண்டு, உழைப்புக்கு விலை சொல்ல வேண்டும்.

செய்யூர் தனித்தொகுதியிலிருந்து எழுதுகிற எங்களுக்கு "கலைக்குக் காசு கேட்காதே" என்ற குரல் புதிதல்ல. ஊரில் சாவு விழுந்தால் சேரிக்கு ஆள் வரும். பறையை எடுத்துக்கொண்டு போக வேண்டும். இரவெல்லாம் அடிக்க வேண்டும். கிடைப்பது கொஞ்சம் அரிசி, கொஞ்சம் சாராயம், அவர்களாகப் பார்த்துப் போடும் சில்லறை. வரமாட்டேன் என்றாலோ, இவ்வளவு கொடு என்றாலோ அடி விழும். அதற்குப் பெயர் கலைச்சேவை என்று யாரும் சொன்னதில்லை, ஊழியம் என்றார்கள். அதனால்தான் தலித் இயக்கத்தின் ஒரு கட்டத்தில் பறையடிக்க மறுப்பதே போராட்டமாக இருந்தது. பிறகு அதே பறையை நம் விருப்பத்தோடு, நம் நிபந்தனையோடு கையில் எடுத்தோம். கருவி மாறவில்லை. "முடியாது" என்றும் "இவ்வளவு" என்றும் சொல்லும் உரிமை நம் கைக்கு வந்தது.

அண்ணல் அம்பேத்கர் 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் கொண்டுவந்த மசோதாவை இளைஞர்கள் தேடிப் படிக்க வேண்டும். மகர் வதன் என்ற பரம்பரை ஊழிய முறைக்கு எதிராக, 1874ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தக் கோரிய மசோதா அது. துண்டு நிலத்தையும் களத்துத் தானியத்தையும் காட்டி, மகர் குடும்பங்களை எந்நேரமும் வேலை வாங்கினார்கள். வேலைக்கு வரையறை வேண்டும், முறையான கூலி வேண்டும் என்று வாதாடினார் அவர். கூலி கேட்பது தன்மானத்தின் பகுதி என்பது நமக்கு அங்கிருந்து வரும் பாடம்.

இனி மென்பொருளுக்கு வருவோம். தமிழ்நாட்டில் ஒரு குழப்பம் சொல்லிலேயே இருக்கிறது. 2011 முதல் அரசு கொடுத்த மடிக்கணினிக்கு 'விலையில்லா மடிக்கணினி' என்று பெயர். சேரிப் பிள்ளைகள் பலருக்கு வீட்டுக்குள் வந்த முதல் கணினி அதுதான். அதற்கும் முன்பே எல்காட் நிறுவனத்தின் தலைமையில் இருந்த உமாசங்கர் ஐ.ஏ.எஸ். அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் லினக்ஸைக் கொண்டுபோனார். இரண்டுமே நல்ல காரியங்கள். ஆனால் இந்த வழியில் வந்ததால் லினக்ஸ் என்றால் செலவு மிச்சம், ஓப்பன் சோர்ஸ் என்றால் ஓசி என்று மனதில் பதிந்துவிட்டது.

கட்டற்ற மென்பொருள் என்றால் விலையில்லா மென்பொருள் என்று பொருளல்ல. இயக்கிப் பார்க்க, பிரித்துப் படிக்க, மாற்றி எழுத, பிறருக்குப் பகிரத் தடையில்லை என்பதுதான் 'கட்டற்ற'. இந்த இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985இல் தன் இமாக்ஸ் மென்பொருளை நாடாவில் பதிந்து 150 டாலருக்கு அனுப்பினார். வாங்கியவர் அதை யாருக்கு வேண்டுமானாலும் நகலெடுத்துக் கொடுக்கலாம். ஜி.பி.எல். உரிமம் இன்றைக்கும் விற்பனையைத் தடுக்கவில்லை.

இசையில் இதற்குச் சரியான உதாரணம் ஆர்டோர். பாடல்பதிவுக் கூடங்களில் பயன்படும் தரமுள்ள ஒலிப்பதிவு மென்பொருள். மூலநிரல் திறந்தே கிடக்கிறது. தெரிந்தவர் தாமே தொகுத்துக்கொள்ளலாம். டெபியன் போன்ற லினக்ஸ் வழங்கல்களில் காசில்லாமலும் கிடைக்கும். ஆர்டோரின் சொந்தத் தளத்திலிருந்து நேரடியாக இயங்கும் வடிவம் வேண்டுமென்றால் பணம் கட்ட வேண்டும். அதை உருவாக்கிய பால் டேவிஸ், அமேசானின் தொடக்க நாட்களில் அங்கே நிரல் எழுதியவர். அப்படிப்பட்டவரே தொடர்ந்து வேலைசெய்யக் காசு கேட்க வேண்டியிருக்கிறது என்றால், மறைமலைநகர் தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து இரவு பதினோரு மணிக்கு மடிக்கணினியைத் திறக்கும் காலனிப் பையன் எதற்காகச் சும்மா கொடுக்க வேண்டும்?

'பொழுதுபோக்கு' என்கிறார்கள். போக்குவதற்குப் பொழுது யாரிடம் இருக்கிறது? நிலமும் வீடும் அப்பாவின் சம்பளமும் உள்ளவர் ஆறு மாதம் இலவசமாக நிரல் எழுதலாம். அதையே தகுதியாகக் காட்டி வேலையும் வாங்கலாம். தினக்கூலி வீட்டுப் பிள்ளைக்கு அந்த ஆறு மாதம் கிடையாது. இலவச உழைப்பே நுழைவுச்சீட்டு என்றால், வசதி படைத்தவர்தான் உள்ளே போவார். வாசலில் சாதிப் பெயர் எழுதியிருக்காது. உள்ளே இருப்பவர்களை எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பறைக்கு ஒரு கட்டற்ற ஒலித்தொகுப்பு செய்வதாக வைத்துக்கொள்வோம். ஹைட்ரஜன் போன்ற தாள மென்பொருளில் போட்டு வாசிக்கலாம். அதற்கு எவ்வளவு வேலை! தோலைத் தீயில் காய்ச்சி ஏற்ற வேண்டும். அடிக்குச்சிக்குத் தனியாக, சிம்புக்குச்சிக்குத் தனியாக, மெதுவாகவும் ஓங்கியும் நூற்றுக்கணக்கான அடிகளைப் பதிய வேண்டும். ஒவ்வொன்றையும் வெட்டி, இரைச்சல் நீக்கி, பெயரிட வேண்டும். இதில் இரண்டு பேர் உழைப்பு இருக்கிறது: நிரல் எழுதியவர், பறை அடித்தவர். "சும்மா கொடு" என்னும்போது இரண்டாமவருக்கும் சேர்த்துத்தான் சும்மா. ஐயாவின் அடி உலகமெங்கும் திரைப்பாடல்களில் ஒலிக்கும், அவர் கைக்கு ஒரு ரூபாய் வராது என்றால், அது பழைய ஊழியம் கணினிக்குள் ஏறியதுதான். மின்னணுத் தம்பூராவும் சுருதிப்பெட்டியும் பல பத்தாண்டுகளாகக் கடையில் விலைக்குத்தான் விற்கின்றன. சபாக்களில் யாரும் அதைக் கலைக்கு இழுக்கு என்று சொல்லவில்லை.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயமான கேள்வி இருக்கிறது. விலை வைத்தால் நம் பிள்ளைகளே வாங்க முடியாமல் போகாதா? போகக்கூடாது. அதனால்தான் நிரலைப் பூட்டாதே என்கிறோம். காசுள்ள ஸ்டூடியோ கட்டட்டும், படக்கம்பெனி கட்டட்டும், கல்லூரி கட்டட்டும். மாணவர் கேட்டால் அப்படியே கொடு. வாங்கியவர் பத்து பேருக்கு நகலெடுத்துக் கொடுத்தாலும் உரிமம் அதை அனுமதிக்கிறது. திருட்டுப் பட்டம் கட்டாதே.

பொதுச்சொத்துக்கு உரிமம் மட்டும் காவலாகுமா? செங்கல்பட்டுக்காரர்களுக்கு விடை தெரியும். இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலைபற்றி 1891இல் டிரமென்கீர் எழுதிய அறிக்கையின் விளைவாக, 1892இல் பஞ்சமி நிலம் வந்தது. பிறருக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனை காகிதத்தில் தெளிவாகவே இருந்தது. நிலம் கைமாறியது. காரணை நிலத்தை மீட்கும் போராட்டத்தில் 1994 அக்டோபரில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். அந்த உயிர்களையும் மென்பொருளையும் ஒரே தராசில் வைக்க மாட்டோம். பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்: காக்கும் ஆட்களுக்கு வலு இல்லையென்றால் நல்ல நிபந்தனையும் தோற்கும்.

மென்பொருளில் அந்த வலு என்பது நேரமும் காசும். உலகமே இலவசமாகப் பயன்படுத்திய ஆடாசிட்டி 2021இல் மியூஸ் குழுமத்தின் கைக்குப் போனது. சில வாரங்களிலேயே பயனர் தரவு சேகரிப்புப் பற்றிப் பெரிய சர்ச்சை வெடித்தது. நிரல் இன்றும் திறந்துதான் இருக்கிறது. ஆனால் எந்தத் திசையில் போவது என்று முடிவெடுக்கும் இடத்தில் ஒரு கம்பெனி உட்கார்ந்திருக்கிறது.

ஆகவே தோழர்களே, தயங்காமல் செய்யுங்கள். உரிமத்தை எழுதும்போதே விலையையும் எழுதுங்கள். வந்த பணம் எவ்வளவு, யாருக்குப் போனது என்று கணக்கை வெளியிடுங்கள். ஒலி கொடுத்த கலைஞருக்கு முதல் பங்கு கொடுங்கள், அவர் பெயரை மென்பொருளுக்குள் போடுங்கள். பயன்படுத்துபவர்களும் மாத ரீசார்ஜுக்குக் கொடுப்பதில் ஒரு சிறு பகுதியை இதற்கு ஒதுக்குங்கள். இயக்கங்களுக்கும் ஒரு வார்த்தை: பயிலரங்குக்கு நிரலாளரையோ பறைக்குழுவையோ கூப்பிடும்போது, "நம்ம தோழர்தானே" என்று சொல்லிக் கூலியை விழுங்காதீர்கள். கொடுக்க முடியாத நிலை என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். அவர் விரும்பினால் இலவசமாக வருவார். மறுக்க முடிந்தவர் கொடுப்பதுதான் கொடை.