குரங்கின் தலையில் போட்ட பழி

2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணிக்கு, இலங்கை முழுவதும் ஐந்து நிமிடம் குரங்கு எண்ணச் சொன்னது விவசாய அமைச்சு. குரங்கு, மந்தி, மர அணில், மயில் எல்லாவற்றையும் எண்ணிப் படிவத்தில் எழுத வேண்டும். கம்பளையைச் சுற்றியுள்ள மேட்டு வீடுகளில் நாமும் முற்றத்தில் இறங்கி நின்றோம். பாய்ந்து திரிகிற குரங்கை எப்படி எண்ணுவது என்று ஊரெல்லாம் கேலி. நாமும் சேர்ந்து சிரித்தோம். அதற்கு முன் நம்மில் எத்தனை பேர் அந்தத் தோட்டத்தில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல நின்றிருந்தோம் என்று யாராவது கேட்டிருந்தால் சிரிப்பு அடங்கியிருக்கும்.

நாம் என்று சொல்வது, அரை ஏக்கரிலும் ஒரு ஏக்கரிலும் குடும்பத்தை நடத்தியவர்களின் பிள்ளைகளை, பேரப்பிள்ளைகளை. இன்று கண்டியில் கந்தோர், கொழும்பில் கடை, கட்டாரில் வேலை. தோட்டத்துக்கு நாம் ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள்.

கண்டிப் பகுதி வீட்டுத்தோட்டம் என்றால் மரவியல் ஆய்வாளர்கள் தேடி வந்து படமெடுத்துப் போவார்கள். மேலே பலா, தென்னை, கித்துள், கமுகு. அதற்குக் கீழே கராம்பும் சாதிக்காயும். இடைவெளியில் கோப்பி. கிளிரிசீடியா மரத்தில் ஏறிய மிளகுக் கொடி. தரையில் இஞ்சி, மஞ்சள், மரவள்ளி. 1824இல் ஜோர்ஜ் பேர்ட் கம்பளை சிங்ஹபிட்டியவில் கோப்பித் தோட்டம் போட்ட கதையைப் பள்ளிக்கூடத்தில் படித்தோம். அந்த நூற்றாண்டில் கிராமத்தவர்கள் வீட்டைச் சுற்றி வளர்த்த கோப்பியும்தான் கப்பலேறியது. அதைப் பற்றி நாம் கேட்டதும் இல்லை, எழுதியதும் இல்லை. 1869இல் இலைநோய் வந்து பிறகு பெருந்தோட்டக் கோப்பி சரிந்தபோது துரைமார் சிலர் கடனாளியானார்கள். வீட்டுத்தோட்டக்காரனுக்குக் கோப்பி போனாலும் பலா மிச்சம், பாக்கு மிச்சம்.

அந்த மிச்சத்தில்தான் நாம் படித்தோம். கராம்புக் காசு கைக்கு வரும் ஆண்டில் ஜனவரிச் சப்பாத்துக்கு அப்பா யாரிடமும் கைமாற்றுக் கேட்கவில்லை. அக்காவின் கல்யாணத்துக்கு மிளகு மூட்டை போனது. வீட்டுக் கறிக்கு மிளகு, கொறுக்காய், மஞ்சள் எதையும் கடையில் வாங்கியதாக ஞாபகமில்லை. கஷ்டமும் குறைவில்லை. கராம்பு மொட்டு விரியும் முன் பறிக்க வேண்டும். மழையில் வழுக்கும் உயர்ந்த மரத்தில் மூங்கில் ஏணி சாத்தி ஏறி இடுப்பை உடைத்துக்கொண்டவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஒரு வருடம் குலுங்கக் காய்த்தால் மறுவருடம் மரம் சும்மா நிற்கும். சாதிக்காய்க் கன்று பூக்கும்வரை ஆணா பெண்ணா தெரியாது. ஆறேழு வருடம் பார்த்து வளர்த்தது ஆண் மரம் என்றால் அதை வெட்டவும் மனம் வராது.

ஆனாலும் இந்தத் தோட்டம் நம்மிடம் கேட்டது பெரிய உழைப்பை அல்ல, ஆள் இருப்பதை. சாதிக்காயைப் பாருங்கள். பழம் வெடித்துக் கொட்டை தரையில் விழும். விடிந்ததும் பொறுக்க வேண்டும். இரண்டு நாள் ஈரத்தில் கிடந்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். கொட்டையைச் சுற்றிய சிவப்பு வசுவாசியை உடையாமல் விரலால் கழற்றி, சுளகில் பரப்பி, மேகம் கறுத்தால் உள்ளே எடுத்து, வெயில் வந்தால் வெளியே வைத்து... அம்மாமார் இதை ஒரு வேலையாகவே கணக்கில் எடுத்ததில்லை. "மகன், இப்ப குனிஞ்சு பொறுக்க ஏலாது" என்று அவர்கள் தொலைபேசியில் சொன்னபோது, காலுக்குத் தைலம் வாங்கி அனுப்பினோம்.

இனி குரங்கு. குரங்குத் தொல்லை பொய்யில்லை. குரும்பையைக் கடித்துப் போடும், பலாக்காயைத் தோண்டிப் பார்க்கும், ஓடு கழற்றும். ஆனால் பழம் பறிக்க ஆளில்லாமல் பழுத்து விழுகிற தோட்டமும் பூட்டிய வீடும் அதற்கு அழைப்பிதழ் என்பதை நாம் வாய்விட்டுச் சொல்வதில்லை. முன்பு தகரம் தட்ட, நாயை ஏவ வீட்டில் ஆள் இருந்தது. நாம் வெளியேறிய இடத்துக்கு அது குடிவந்தது. பிறகு ஆக்கிரமிப்பு என்று மனு எழுதினோம்.

மிளகிலும் இதே கதைதான். களவு போய்விடுமே என்ற பயத்தில் முற்றும் முன்பே உருவிக்கொள்கிறோம். காய்ந்தால் பொக்கு. பசாரில் வியாபாரி ஒரு பிடி அள்ளி ஊதிப் பார்த்து விலையைக் குறைத்தால் அவரைக் கள்ளன் என்கிறோம். மூன்று கிலோ பச்சை மிளகு காய்ந்து ஏறத்தாழ ஒரு கிலோ தேறுகிற தொழிலில், முற்றாததைப் பறித்தால் என்ன மிஞ்சும்?

புதுக் கன்று வைக்க ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தில் உதவி உண்டு. அதற்குக் காணி யாருடையது என்று காட்ட வேண்டும். நம்முடையதோ ஐந்து சகோதரங்களின் பிரிபடாத காணி. பிரித்து எழுதப் பணம் வேண்டும், அதைவிட முக்கியமாக ஐந்து பேரும் நொத்தாரிசு முன் உட்கார வேண்டும். கல்யாணத்துக்குக் கூடுகிறோம், சாவுக்குக் கூடுகிறோம், உறுதி எழுத மட்டும் லீவு கிடைப்பதில்லை.

இதே கம்பளையில் நகரத்தைத் தாண்டினால் தேயிலைத் தோட்ட லயன்கள். நம்மில் சிலருடைய வேரும் அங்கேதான். தலைமுறை தலைமுறையாக ஒரு பேர்ச் காணிக்கும் உறுதி இல்லாதவர்கள், கான் ஓரத்திலும் காம்பிராவின் பின்பக்கத்திலும் பாத்தி கட்டி போஞ்சி, கோவா, சௌசௌ போட்டு, முடிந்தால் ஒரு மாட்டையும் கட்டிப் பால் ஊற்றுகிறார்கள். பிரட்டுக்குப் போய்வந்த பிறகுதான் அதற்கெல்லாம் நேரம். உறுதி வைத்திருக்கும் நமக்கு வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்பது முறைப்பாடு. அவர்களைக் கொந்தரப்புக்குக் கூப்பிடும்போது நாம் சொல்லும் கூலியையும் இங்கே எழுதினால் நன்றாயிருக்காது.

2022ஐ மறக்க முடியுமா? முந்தைய வருடம் இரசாயன உரத்தை ஒரேயடியாகத் தடைசெய்து, நவம்பரில் திரும்பப் பெற்று, அதற்குள் விளைச்சலைக் கெடுத்திருந்தார்கள். பிறகு எரிபொருள் வரிசை, எரிவாயு வரிசை. அந்த ஜூனில் அரச ஊழியர் வீட்டில் பயிர்செய்யட்டும் என்று வெள்ளிக்கிழமை விடுமுறை அறிவித்தார்கள். அப்போது தோட்டம் ஞாபகம் வந்தது. தாத்தா நட்ட பலா சோறு போட்டது, ஈரப்பலாவும் மரவள்ளியும் ஒரு வேளையைத் தள்ளின. மண்வெட்டியோடு படம் எடுத்துப் போட்டவர்களும் நாம்தான். வரிசை குறைந்ததும் மண்வெட்டி கொட்டிலுக்குப் போனது. பலாவுக்கு ஒரு கூடை எருகூடப் போடவில்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையில் மகாவலி பெருகிக் கம்பளை நகருக்குள் வந்தது. கண்டி மாவட்டத்தில் மலைகள் சரிந்து பலர் மாண்டார்கள். அப்படிப்பட்ட மழைக்கு முன் ஒரு வீட்டுத்தோட்டம் என்ன செய்திருக்கும் என்று சொல்ல நாம் நிபுணர்கள் அல்ல. ஆனால் சரிவில் வாழ்ந்தவர்கள் ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன் கான் வெட்டித் தண்ணீரை ஓரமாக வழிவிட்டார்கள். நம் தோட்டங்களில் அந்தக் கான்கள் தூர்ந்து, இருந்த இடம் தெரியாமல் புல் மூடிக் கிடக்கின்றன. மேலே நம் தோட்டம், கீழே இன்னொருவர் வீடு.

இப்போது குடும்ப வட்ஸ்அப்பில் நடப்பது பேர்ச் கணக்கு. பத்துப் பேர்ச்சாகப் பிரித்து விற்றால் எவ்வளவு வரும், பாதைக்கு எவ்வளவு விட வேண்டும். உறுதி எழுத வராத ஐந்து பேரும் இதற்கு உடனே பதில் போடுகிறார்கள். விளம்பரத்தில் "பலன் தரும் மரங்களுடன்" என்று சேர்க்கச் சொன்னது மூத்தவர். வாங்குகிறவர் அத்திவாரம் போட முதலில் பலாவைத்தான் வெட்ட வேண்டும். அதற்குப் பிரதேச செயலகத்தில் அனுமதி எடுக்க வேண்டும். விண்ணப்பத்தில் மரம் வீட்டுக்கு ஆபத்து என்று எழுதினால் சுலபம் என அவருக்குச் சொல்லிக் கொடுப்பவர்களும் நாம்தான்.