வீரவணக்கமும் விடுபட்ட கணக்கும்

2021 பிப்ரவரி 14 அன்று சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் நடைபெற்ற அரசு விழாவில், ஆவடியில் உருவான அர்ஜுன் மார்க் 1ஏ டாங்கியைப் பிரதமர் நரேந்திர மோடி இராணுவத்திடம் ஒப்படைத்தார். புல்வாமா தாக்குதலில் மத்திய ரிசர்வ் காவல் படையினர் 40 பேர் உயிரிழந்ததன் இரண்டாம் ஆண்டு நினைவு நாள் அது. உயிர்நீத்தவர்களுக்கு அஞ்சலி செலுத்திய பிரதமர், பாதுகாப்புப் படையினரை எண்ணி நாடு பெருமைப்படுவதாகக் கூறினார். 2025 மே மாதத்தில் சிந்தூர் நடவடிக்கைக்குப் பின் நாட்டு மக்களிடையே உரையாற்றியபோதும், மறுநாள் ஆதம்பூர் விமானப்படைத் தளத்திற்குச் சென்றபோதும் இதே பெருமிதம் ஒலித்தது.

உயிரைப் பணயம் வைப்போரை ஒரு நாட்டின் தலைவர் பாராட்டுவதில் குறை காண ஒன்றுமில்லை. பாராட்டு எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்பதே நமது கேள்வி. மேடைகளில் போற்றப்படும் வீரனுக்குச் சாதி கிடையாது. ஆனால் படையில் சேரும்போதும், ஊர் திரும்பும்போதும், இறந்த பின்னும் அவனுக்குச் சாதி உண்டு.

தலித் மக்களுக்கும் இராணுவத்திற்குமான உறவு இன்று நேற்று தோன்றியதன்று. அண்ணல் அம்பேத்கர் 1891இல் மாவ் இராணுவக் குடியிருப்பில், ஒரு சுபேதாரின் மகனாகப் பிறந்தார். மகர்களும் பறையர்களும் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைகளில் நெடுங்காலம் பணியாற்றியவர்கள். இராணுவப் பணி அவர்களுக்கு ஊதியத்தோடு கல்வியையும், சேரியை விட்டு வெளியேறும் வழியையும் தந்தது. ‘போர்க்குடிகள்’ என்ற கோட்பாட்டைக் கையிலெடுத்த ஆங்கிலேய அரசு, 1890களின் தொடக்கத்தில் மகர்களைச் சேர்ப்பதை நிறுத்தியது; மதராஸ் படையின் ஆள்சேர்ப்பும் சுருக்கப்பட்டது. வீரம் மெய்ப்பிக்கப்பட்ட பின்னரும் கதவு அடைக்கப்பட்டது. அக்கதவைத் திறக்க மனுக்களும் வாதங்களும் தேவைப்பட்டன. வைஸ்ராயின் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் அம்பேத்கர் இடம்பெற்ற 1941இல்தான் மகர் படைப்பிரிவு உருவானது. 1943இல் உருவாக்கப்பட்ட சமார் படைப்பிரிவோ 1946இல் கலைக்கப்பட்டது.

அந்தக் கோட்பாட்டின் எச்சம் இன்னும் அகலவில்லை. குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் படைக்கு ஜாட், இராஜபுத்திரர், ஜாட் சீக்கியர் ஆகியோரிலிருந்தே ஆளெடுப்பதாக இராணுவமே உச்ச நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டுள்ளது. உயரம், தோற்றம் முதலான செயல்பாட்டுத் தேவைகளே காரணம் என்பது அதன் விளக்கம். மறுபுறம், முப்படை ஆள்சேர்ப்பில் பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் இடஒதுக்கீடு இல்லை. தகுதி மட்டுமே அளவுகோல் என்கிறார்கள். தேவைப்படும் இடத்தில் சாதியைப் பார்ப்பதும், பங்கு கேட்கும் இடத்தில் சாதியே இல்லை என்பதும் ஒரே அமைப்பில் நிகழ்கின்றன.

சீருடையைக் கழற்றியதும் என்ன நேர்கிறது? 2016 ஜூனில் காஷ்மீரின் பாம்போரில் கொல்லப்பட்ட ஒடுக்கப்பட்ட சமூகத்து ரிசர்வ் காவல் படை வீரரின் உடலைப் பொது நிலத்தில் எரியூட்ட, உத்தரப்பிரதேசத்தின் ஃபிரோசாபாத் மாவட்டத்திலுள்ள அவரது ஊரின் ஆதிக்கச் சாதியினர் முதலில் எதிர்ப்புத் தெரிவித்தனர். அதிகாரிகள் பேசிய பின்னரே இடம் கிடைத்தது. 2020 பிப்ரவரியில் குஜராத்தின் பனாஸ்காண்டா மாவட்டத்தில், தன் திருமணத்திற்குக் குதிரையில் சென்ற தலித் இராணுவ வீரரின் ஊர்வலத்தின்மீது கல்லெறிந்தார்கள். எல்லையில் துப்பாக்கி ஏந்த அனுமதிக்கப்பட்டவருக்குத் தன் ஊர்த் தெருவில் குதிரை ஏற அனுமதி இல்லை.

பாராட்டப்படுவோரின் பணி நிலையையும் பார்ப்போம். புல்வாமாவில் இறந்தோர் மத்திய ஆயுதக் காவல் படையினர். முப்படையினருக்குரிய பழைய ஓய்வூதியம், 2004 ஜனவரி 1 முதல் அப்படைகளில் சேர்ந்தோருக்குக் கிடையாது. 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டமோ முப்படை வேலையையே 4 ஆண்டுகளாகக் குறுக்கியது. 25 விழுக்காட்டினர் வரை மட்டுமே பணியில் தொடர முடியும். ஏனையோர் ஏறத்தாழ 11.71 இலட்சம் ரூபாயுடன், ஓய்வூதியமின்றி வெளியேறுவர். வெளியேறுவோருக்கு வேறு படைகளில் 10 விழுக்காடு ஒதுக்கப்படும் என்று 2022இல் அரசு கூறியது. அது அனைவருக்குமான உறுதி அன்று. நிலமும் தொழிலும் உள்ள குடும்பத்து இளைஞனுக்கு நான்கு ஆண்டுகள் ஓர் அனுபவம். இரண்டும் இல்லாத குடும்பத்திற்கு, ஒரு தலைமுறையைக் கரையேற்ற வந்த படகு பாதி ஆற்றில் நிற்பது போன்றது அது.

புழலில் வாழும் நமக்கு இதில் நேரடியான பங்கு உண்டு. புழல் ஏரிக்கு மேற்கே இருக்கிறது ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை. 118 அர்ஜுன் டாங்கிகளுக்காக 2021 செப்டம்பரில் 7,523 கோடி ரூபாய் ஆணை பெற்றது அத்தொழிற்சாலைதான். ஆனால் பிப்ரவரி விழாவில் கைதட்டல் ஓய்ந்த சில மாதங்களில், ஜூன் 30 அன்று, பாதுகாப்புத் துறை உற்பத்தித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்வதைத் தடுக்கும் அவசரச் சட்டம் வந்தது. அக்டோபர் 1 முதல் நாட்டின் 41 படைக்கலத் தொழிற்சாலைகளும் 7 நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. அரசுத் துறை நிறுவனமாகும்போதும், நிரந்தரப் பணி ஒப்பந்தப் பணியாகும்போதும் முதலில் தேய்வது இடஒதுக்கீடுதான். துறைமுகத்திலிருந்து எண்ணூர் வரை நாம் கண்டுவரும் உண்மை இது.

அன்றைய சென்னை உரையில் இன்னோர் அறிவிப்பும் இடம்பெற்றது. பல பெயர்களில் அழைக்கப்பட்ட சமூகத்தினர் தேவேந்திரகுல வேளாளர் என்ற பெயர் பெறும் கோரிக்கையை அரசு ஏற்றதைப் பிரதமர் குறிப்பிட்டார். அவ்வாண்டே அது சட்டமும் ஆனது. பெயர் என்பது மானத்தோடு தொடர்புடையது. நெடிய கோரிக்கை நிறைவேறியதை நாம் சிறுமைப்படுத்தவில்லை. எனினும் வீரனுக்குப் புகழ்மொழி, சமூகத்திற்குப் பெயர் என மரியாதை வழங்கப்படும்போது, நிலம், வேலை, பாதுகாப்பு என்ற உரிமைகள் பேச்சிலிருந்து நழுவிவிடுகின்றன. மரியாதை வழங்குவோரின் விருப்பத்தைச் சார்ந்தது, உரிமை அவ்வாறன்று.

ஆகவே அடுத்த முறை ஒரு தலைவர் படையினரைப் பாராட்டும்போது நாமும் அவர்களை வணங்குவோம். கூடவே கணக்கும் கேட்போம். முப்படைகளின் அதிகாரிகளில் பட்டியலினத்தவரும் பழங்குடியினரும் எத்தனை பேர்? ஒரு குறிப்பிட்ட சாதிக்கென ஒதுக்கப்பட்ட படைப்பிரிவுகள் குடியரசில் ஏன் நீடிக்கின்றன? நான்கு ஆண்டுகளில் வெளியேறுவோருள் மீண்டும் கூலி வேலைக்குத் திரும்புவோர் யார்? நாடாளுமன்றத்திலும் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாகவும் கேட்கத்தக்க கேள்விகள் இவை. கல்லூரி மாணவர்கள் இவற்றை விடாமல் எழுப்ப வேண்டும்.