லேத் ஓட்ட ஆன்லைனில் கற்கலாமா?



இது கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்த பிள்ளை இருந்தால் பொறுமையாகப் படியுங்கள். சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவர்கள் கடைசிப் பகுதியையாவது படித்துவிடுங்கள். அது உங்களுக்காகவே எழுதியது.

இந்த இரண்டு மாதத்தில் மூன்று வீட்டிலிருந்து என்னிடம் ஒரே கேள்வி. "டீச்சர், சி.என்.சி. ஆன்லைன் கோர்ஸ்னு போன்ல விளம்பரம் வருது. வீட்ல இருந்தே படிச்சா கோயம்புத்தூர்ல வேலை கிடைக்குமாம். சேக்கலாமா?" இதில் ஒரு வீட்டில் கேட்பதற்கு முன்பே சேர்த்துவிட்டார்கள். நகையை அடகு வைத்து நாற்பதாயிரம் கட்டியாயிற்று. பையன் ஆறு மாதம் போனைப் பார்த்தே படித்தான். சான்றிதழும் வந்தது. இன்டர்வியூவுக்குப் போன இடத்தில் மைக்ரோமீட்டரைக் கையில் கொடுத்து, ஒரு ஷாஃப்டை அளந்து சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். அவன் அதுவரை மைக்ரோமீட்டரைத் தொட்டதே கிடையாது. அன்று ராத்திரியே பஸ் ஏறி ஊருக்கு வந்துவிட்டான். பையன் கெட்டிக்காரன்தான். என்னிடம் படித்தவன், எனக்குத் தெரியும். அவனுக்கு விற்கப்பட்ட படிப்புதான் அரைகுறை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆன்லைன் படிப்பு கெட்டதில்லை. ஆனால் இந்தத் தொழிலுக்கு அது பாதிப் படிப்பு. மீதிப் பாதி மெஷின் முன்னால் நின்றுதான் வரும். பாதியை முழுசு என்று விற்கிறவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

"டீச்சருக்கு லேத்தைப் பத்தி என்ன தெரியும்?" என்று சிலர் நினைக்கலாம். நான் ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ முடித்து எட்டாம் வகுப்பு வரைக்கும் கணக்கும் அறிவியலும் எடுத்தவள். மெஷின் ஓட்டியதில்லை. ஆனால் என் தம்பி டர்னர். என் வகுப்பில் இருந்து போன பிள்ளைகளில் ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட் ஆனவர்கள் நிறையப் பேர். அவர்கள் சொல்லக் கேட்டதுதான் இதில் பாதி.

இந்தத் தொழிலின் நுணுக்கத்தை ஓர் உதாரணத்தில் சொல்கிறேன். 25 மில்லிமீட்டர் ஷாஃப்ட் ஒன்று. ட்ராயிங்கில் அதற்கு நேரே எச்6 என்று போட்டிருந்தால், அதன் அளவு 25.000-க்கும் 24.987-க்கும் நடுவில் இருக்க வேண்டும். அதாவது 13 மைக்ரான்தான் விட்டுக்கொடுக்கலாம். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடியின் தடிமனே ஏறத்தாழ 50 முதல் 100 மைக்ரான் வரும். 24.980 என்று கடைந்துவிட்டால் அந்த ஜாப் ரிஜெக்ட். அதிகமாக எடுத்த இரும்பைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது.

இதில் சூடு வேறு சேர்ந்துகொள்ளும். எஃகு ஒரு டிகிரி சூட்டுக்கு மீட்டருக்குச் சுமார் 12 மைக்ரான் நீளும். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஜாப், கடைந்து முடித்த கையோடு மைக்ரோமீட்டரை விட 30 டிகிரி அதிகச் சூட்டில் இருந்தால் 35 மைக்ரான்போல அதிகமாகக் காட்டும். 'இன்னும் கொஞ்சம் எடுக்கணும்' என்று எடுத்துவிட்டால், ஆறிய பிறகு அளவு குறைந்து நிற்கும். உலகம் முழுவதும் அளவுகளுக்கு 20 டிகிரியை அடிப்படையாக வைத்திருக்கிறார்கள். சித்திரை மாதம் நம் திருநெல்வேலிப் பட்டறைகளில் 20 டிகிரிக்கு எங்கே போவது? அதனால்தான் அனுபவப்பட்டவர்கள் ஜாப் ஆறும்வரை காத்திருக்கிறார்கள்.

சி.என்.சி.யில் இன்னொன்று, கணக்கு டீச்சரான எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். புரோகிராமில் எக்ஸ் 50 என்று எழுதும்போது 50-க்குப் பின்னால் புள்ளி வைக்க வேண்டும். வைக்காமல் விட்டால் பல மெஷின்கள் அதை 50 மில்லிமீட்டர் என்று எடுக்காமல் 50 மைக்ரான் என்று எடுத்துக்கொள்ளும். அதேபோல் ஜி01 என்று எழுத வேண்டிய இடத்தில் ஜி00 என்று எழுதினால், டூல் வெட்டும் வேகத்தில் போகாமல் முழு வேகத்தில் பாய்ந்து ஜாபில் மோதும். "தசமப்புள்ளியை ஒழுங்கா வைங்கல" என்று நான் அன்றைக்குக் கத்தியது எதற்கு என்று இப்போது புரிகிறதா, மக்கா?

இதெல்லாம் ஆன்லைனில் நன்றாகவே கற்கலாம். ட்ராயிங் படிப்பது, டாலரன்ஸ், ஜி கோடு, எம் கோடு, எந்த உலோகத்துக்கு எந்த வேகம், பாதுகாப்பு விதிகள் எல்லாமே வீடியோவில் வரும். புரியாததைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். புரோகிராமை கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்க சிமுலேட்டர் இருக்கிறது. அதில் மோதினால் யாருக்கும் நஷ்டமில்லை. நிஜ மெஷினில் மோதினால் ஸ்பிண்டில் போய்விடும், முதலாளிக்கு லட்சக்கணக்கில் செலவு.

இதற்குப் பணம் கட்டவும் தேவையில்லை. சென்னை கிண்டியில் நிமி என்று ஒரு மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. 1986-ல் ஜெர்மனி உதவியோடு தொடங்கியது. ஐ.டி.ஐ. பாடப்புத்தகங்களைத் தமிழிலும் போடுகிறார்கள். பாரத் ஸ்கில்ஸ் என்ற அரசுத் தளத்தில் பாடத்திட்டம், மின்புத்தகம், வினா வங்கி, வீடியோ எல்லாம் இலவசம். நாற்பதாயிரம் கேட்கிறவர்கள் சொல்லித் தருவதில் பெரும்பகுதி இவற்றிலேயே இருக்கிறது.

எது ஆன்லைனில் வராது? சக்கில் ஜாபை எவ்வளவு இறுக்க வேண்டும், மைக்ரோமீட்டரை எவ்வளவு அழுத்தித் திருப்ப வேண்டும், வெட்டும் சத்தம் மாறினால் டூல் மழுங்கிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது, சுருள் சுருளாக வரும் பிசிறு என்ன சொல்கிறது என்பதெல்லாம் கைக்கும் காதுக்கும் உரிய பாடம். பக்கத்தில் ஒருவர் நின்று "இப்படி இல்லலே, இந்தா பாரு" என்று சொல்ல வேண்டும்.

ஆசிரியர் பயிற்சியிலும் எங்களுக்கு இதே கதைதான். உளவியலும் கற்பித்தல் முறையும் புத்தகத்தில் படித்தோம். ஆனால் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, பின் பெஞ்சில் ஒரு மூத்த ஆசிரியர் உட்கார்ந்து கவனிக்க, நாற்பது பிள்ளைகள் முன்னால் நின்றபோதுதான் ஆசிரியை ஆனோம். அந்த மாதங்கள் இல்லாமல் சான்றிதழ் கொடுத்திருந்தால் உங்கள் நிலைமை என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்!

அதே சமயம், "பட்டறையில் போட்டா தானா கத்துக்கிடுவான்" என்கிற பழைய பேச்சையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நம் அம்பாசமுத்திரத்துச் சொப்பு சாமான்களைப் பாருங்கள். அதுவும் கடைசல் வேலைதான், மரத்தில் செய்வது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து மகன் கற்றுக்கொண்ட தொழில். அப்படிக் கற்றால் கை நன்றாகப் பழகும். ஆனால் சொல்லிக்கொடுப்பவருக்குத் தெரிந்ததுதான் எல்லை. எழுதி வைக்காத வித்தை, பிள்ளை வேறு வேலைக்குப் போனால் அந்த வீட்டோடு முடிந்துவிடும். பட்டறையில் 'எப்படி' கிடைக்கும், 'ஏன்' கிடைக்காது. அந்த 'ஏன்' வீடியோவிலும் புத்தகத்திலும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தவர்கள்தான் மேலே போகிறார்கள். ஜெர்மனியில் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளி, மற்ற நாள் கம்பெனி. மெஷினிஸ்ட் வேலைக்கு இப்படி மூன்றரை வருடம்.

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. தொழில் பழகுநர் சட்டம், 1961. பலருக்கு இது தெரிவதில்லை, தெரியாததால் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். என் மாணவன் ஒருவன் ஒரு கம்பெனியில் மூன்று வருடம் 'டிரெய்னி' என்ற பெயரிலேயே இருந்தான். பதிவு கிடையாது, ஒப்பந்தம் கிடையாது. மெஷினில் விரல் மாட்டி இரண்டு விரலின் நுனி போய்விட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்ததோடு சரி. "அவன் எங்க ஆளே இல்லை" என்று சொல்லிவிட்டார்கள். கையில் ஒரு துண்டுத் தாள் இல்லாததால் அவனால் எதையும் நிரூபிக்க முடியவில்லை. அவன் அம்மா என் வீட்டில் வந்து அழுததை என்னால் மறக்க முடியவில்லை.

முறையாகப் பதிவு செய்த அப்ரன்டிஸ் என்றால் நிலைமையே வேறு. ஒப்பந்தம் அரசுத் தளத்தில் பதிவாகும். மாத உதவித்தொகை உண்டு, அதற்குக் குறைந்தபட்ச அளவை அரசு நிர்ணயித்திருக்கிறது. வேலை நேரத்தில் அடிபட்டால் நஷ்டஈடு தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. முடித்துத் தேர்வில் தேறினால் தேசியச் சான்றிதழ். ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: பயிற்சி முடிந்ததும் அதே கம்பெனி வேலை தந்தாக வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் அந்தச் சான்றிதழ் வேறு கதவுகளைத் திறக்கும்.

நம் மாவட்டத்திலேயே வாய்ப்பு இருக்கிறது. கூடங்குளம் அணுமின் நிலையமும் மகேந்திரகிரி இஸ்ரோ மையமும் அப்ரன்டிஸ்களை எடுக்க அறிவிப்பு விடுவார்கள். நம் ராக்கெட் எஞ்சின்களைச் சோதிப்பது மகேந்திரகிரியில். ஆனால் விகாஸ் எஞ்சினைச் செய்து கொடுப்பது மும்பை கோத்ரெஜும் ஹைதராபாத் எம்.டி.ஏ.ஆரும். சோதனை நம் ஊரில், கடைசல் வெளியூரில். இது மாற வேண்டும் என்றால் நம் பிள்ளைகளின் கை அந்த அளவுக்குத் தேற வேண்டும்.

சரி, பெற்றோர் என்ன செய்யலாம்?

1. முதலில் அரசு ஐ.டி.ஐ.யைப் பாருங்கள். பேட்டையில் இருக்கிறது, அம்பாசமுத்திரத்தில் இருக்கிறது. டர்னர், மெஷினிஸ்ட், ஃபிட்டர் எல்லாம் இரண்டு வருடப் படிப்பு. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய் ஐ.டி.ஐ.யிலும் உண்டு.

2. தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.க்களில் டாடா டெக்னாலஜிஸ் கூட்டோடு 4.0 தொழில்நுட்ப மையம் அமைக்கத் திட்டம் போட்டார்கள். நீங்கள் சேர்க்கப் போகும் இடத்தில் அது இருக்கிறதா, உங்கள் பிள்ளையின் டிரேடுக்கு அதில் பயிற்சி உண்டா என்று நேரில் போய்க் கேளுங்கள்.

3. யாராவது ஆன்லைன் கோர்ஸ் விற்றால் மூன்றே கேள்வி கேளுங்கள். சான்றிதழை அங்கீகரித்தது எந்த அரசு அமைப்பு? மெஷினில் கை வைக்கும் பயிற்சி எத்தனை மணி நேரம், எந்த ஊரில்? முடித்தவர் யாருடனாவது பேச முடியுமா? பதில் தெளிவாக இல்லையென்றால் போனை வைத்துவிடுங்கள்.

4. 'டிரெய்னி' என்று கூப்பிட்டால் ஒப்பந்தத்தைக் கேளுங்கள். பதிவு எண் இல்லாமல் பிள்ளையை பஸ் ஏற்றாதீர்கள்.

5. பெண் பிள்ளைகளையும் சேருங்கள். என் மாணவி ஒருத்தி பகலில் ஐ.டி.ஐ., ராத்திரி தமிழ் வீடியோ என்று படித்து, இன்று சி.என்.சி. செட்டராக இருக்கிறாள். மைக்ரான் கணக்குக்கு ஆண் என்ன, பெண் என்ன?

இனி பட்டறை வைத்திருக்கும் என் மாணவர்களுக்கு. 30 பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் இடத்தில் அப்ரன்டிஸ் எடுப்பது சட்டப்படி கட்டாயம். 4 முதல் 29 பேர் வரை என்றால் விருப்பம். நீங்கள் பலரும் இந்த இரண்டாவது வகை. 2016-ல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் உதவித்தொகையில் 25 சதவீதம், மாதம் 1500 ரூபாய் வரைக்கும் அரசு ஏற்றுக்கொள்கிறது. இதை உங்களில் ஒருவரிடம் சொன்னபோது, "வேலையப் படிச்சிட்டு கோயம்புத்தூருக்கு ஓடிருதானுவ டீச்சர், நான் எதுக்குச் செலவழிக்கணும்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். சின்னப் பட்டறையில் ஒரு ஜாப் வீணானாலும் வலிக்கும். ஆனால் உங்களுக்குத் தொழில் சொல்லித்தந்தவரும் ஒரு நாள் நீங்கள் போய்விடுவீர்கள் என்று தெரிந்துதானே சொல்லித்தந்தார்? எல்லாப் பட்டறையும் ஆளுக்கு ஒரு பிள்ளையைப் பழக்கினால், ஒருவன் போனாலும் இன்னொரு பட்டறையில் பழகினவன் உங்களிடம் வருவான். யாருமே பழக்கவில்லை என்றால் எல்லோரும் ஆள் இல்லை, ஆள் இல்லை என்று புலம்பிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். இந்த வருடம் ஆளுக்கு ஒரே ஒரு பிள்ளையை, முறைப்படி பதிவு செய்து எடுங்கள். சாயங்காலம் அரை மணி நேரம் அவன் வீடியோ பார்த்து 'ஏன்' என்று கேட்டால் எரிச்சல் படாமல் பதில் சொல்லுங்கள். டீச்சர் கேட்கும் குருதட்சிணை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஐ.டி.ஐ. விண்ணப்பமும், அப்ரன்டிஸ் பதிவும் இப்போது ஆன்லைனில்தான். நிரப்பத் தெரியாதவர்கள் பத்தாவது மார்க் ஷீட், ஆதார், போட்டோவோடு எந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலும் என் வீட்டுக்கு வாருங்கள். நானும் என் மருமகளும் நிரப்பித் தருகிறோம். காபியும் உண்டு.

எடுக்கச் சம்மதம் உள்ள பட்டறைக்காரர்கள் கீழே கமென்டில் ஊர்ப் பெயரை மட்டும் போடுங்கள். நான் கூப்பிட்டுப் பேசுகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்