282 மார்க்குக்கு ஸ்காலர்ஷிப் கிடையாது

1907-ஆம் வருஷம் பம்பாயில் மெட்ரிக் பரீட்சை எழுதிய மகார் மாணவர் ஒருவர் 750-க்கு 282 மார்க் வாங்கினார். கணக்குப் போட்டால் நூற்றுக்கு 37.6. அதற்குப் பிறகுதான் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அவருடைய கல்லூரிப் படிப்புக்கு மாதம் 25 ரூபாய் கொடுத்தார். 1913-இல் மாதம் பதினொன்றரை பவுண்டு உதவித்தொகையோடு நியூயார்க்குக்கும் அனுப்பினார். அந்த மாணவர் யாரென்று இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இன்றைக்கு அவர் புதுக்கோட்டை ஜில்லாவில் ஒரு சேரியில் பிறந்து, அதே மார்க்கோடு இந்திய அரசின் கல்லூரித் திறமை உதவித்தொகைக்கு மனுப் போட்டால் முதல் கட்டத்திலேயே கழித்துவிடுவார்கள். சிலையாக நின்றால் மாலை உண்டு. மாணவராக வந்தால் இடம் இல்லை.

அந்தக் காலத்து மார்க்கும் இந்தக் காலத்து மார்க்கும் ஒண்ணா என்று கேட்பீர்கள். இல்லைதான். அப்போது பாஸ் பண்ணுவதே பெரிய காரியம். நான் கேட்பது வேறு. பரேலில் ஒற்றை அறையில் குடும்பமே படுத்துக் கிடக்க, ராத்திரி 2 மணிக்கு அப்பா எழுப்பிவிட்டுப் படித்த மார்க் அது. வாத்தியார் அவரைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டதும், பலகைக்குப் பின்னால் வைத்திருந்த சாப்பாட்டு டப்பாக்களை மற்ற பையன்கள் பாய்ந்து எடுத்தார்களே, அந்தப் பள்ளிக்கூடத்தில் வாங்கிய மார்க் அது. இதையெல்லாம் 282-உடன் கூட்டிக் காட்ட எந்தக் கணக்கு வாத்தியாரால் முடியும்?

எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது பல வருஷமாக என் வேலை. சம்பளமில்லாத வேலை. அதனால் விதிகள் எனக்கு மனப்பாடம். மத்திய அரசின் திறமை உதவித்தொகை வருஷத்துக்கு 82,000 பேருக்கு. பட்டப்படிப்புக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய். பிளஸ் டூவில் 80-ஆவது பர்சன்டைலுக்கு மேலே இருக்க வேண்டும். தபால் வழிப் படிப்புக்குக் கிடையாது, டிப்ளமோவுக்குக் கிடையாது. அடுத்த வருஷமும் வேண்டுமென்றால் 50 சதவீத மார்க்கும் 75 சதவீத வருகையும் காட்ட வேண்டும்.

போன வருஷம் ஒரு பிள்ளை கேட்டது.

"பர்சன்டைல்னா என்னக்கா? பர்சன்டேஜ்தானே?"

"இல்லடி. நூறு பேர்ல எம்பது பேரு ஒனக்குக் கீழ இருக்கணும்."

"அப்ப எல்லாருமே நல்லாப் படிச்சா?"

"அப்பவும் எம்பது பேரு கீழதான் கெடக்கணும்."

"அப்ப யாராவது கீழ இருந்தாத்தான் நமக்குக் கெடைக்குமா?" என்றது அந்தப் பிள்ளை. பதினேழு வயசு. சாதியைப் பற்றி அது ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் படிக்கட்டை உடனே அடையாளம் கண்டுகொண்டது. இங்கே நீ எவ்வளவு கற்றுக்கொண்டாய் என்று யாரும் கேட்கவில்லை. உன் காலடியில் எத்தனை பேர் என்றுதான் கேட்கிறார்கள். மனுவின் சரக்கைப் புள்ளியியல் பையில் போட்டு விற்கிறார்கள், அவ்வளவுதான்.

விதியில் இன்னொரு கண்ணி இருக்கிறது, அதை நம் ஆட்களே கவனிப்பதில்லை. வேறு ஏதாவது அரசு உதவித்தொகையோ கட்டணச் சலுகையோ வாங்குகிறவருக்கு இந்தத் திறமைப் பணம் கிடையாது. தாழ்த்தப்பட்டோருக்கு இதில் 15 சதவீதம் ஒதுக்கீடு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் எங்கள் பிள்ளைகள் கல்லூரிக்குள் காலெடுத்து வைப்பதே போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப்பை நம்பித்தான். அதை வாங்கினால் இது போச்சு. கெட்டிக்காரியா, பறச்சியா, ரெண்டில் ஒன்றைச் சொல் என்கிறது விண்ணப்பப் படிவம். ரெண்டுமாக இருக்கிறவளுக்குக் கட்டம் இல்லை. வருமானக் கணக்கைப் பாருங்கள். திறமைசாலியின் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 4.5 லட்சம் வரை போகலாம். போஸ்ட் மெட்ரிக்குக்கு 2021-இல் வந்த விதிகளில் உச்சவரம்பு 2.5 லட்சம். 2019-இல் உயர்சாதி ஏழைகள் என்று ஒரு பிரிவைக் கண்டுபிடித்தார்களே, அவர்கள் 8 லட்சம் வரைக்கும் ஏழைகள். வறுமைக்கும் வர்ணம் வைத்த நாடு இது.

75 சதவீத வருகை பற்றி எனக்குச் சொந்தத்தில் தெரியும். என் அம்மா கல்லுடைத்தவர். குவாரியில் ஒரு நாள் பெயர்ந்த கல் காலில் விழுந்து நாலு மாசம் படுத்துவிட்டார். நான் காலேஜ் ரெண்டாம் வருஷம். அம்மாவுடைய முன்பணம் குவாரிக்காரரிடம் நின்றது. அதனால் அம்மாவின் சுத்தியலை நான் எடுத்தேன். வாரத்தில் மூன்று நாள் குவாரி, மூன்று நாள் காலேஜ். பரீட்சையில் பாஸ் பண்ணினேன். ஆபீஸில் கேட்டபோது, "அட்டெண்டன்ஸ் பத்தலையேம்மா, ஸ்காலர்ஷிப் நிக்கும்" என்றார் கிளார்க். கோபமாகச் சொல்லவில்லை, பாவம், அனுதாபமாகத்தான் சொன்னார். விதி அனுதாபத்தோடும் கழுத்தை நெரிக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். உதவித்தொகை எதற்கு? வேலைக்குப் போகாமல் படிப்பதற்கு. வேலைக்குப் போனதால் அதை நிறுத்துகிறார்கள். கால் உடைந்தவனிடம் நடந்து காட்டினால் கட்டுப் போடுகிறேன் என்று எந்த வைத்தியனாவது சொல்வானா? நாத்து நடவுக்கும், சாவுக்கும், பஸ் வராத நாளுக்கும் அந்தப் பதிவேட்டில் ஒரே எழுத்துத்தான்: ஆப்சென்ட்.

தகுதி என்பது எப்போதுமே மேலே இருப்பவர் வைக்கிற வாசற்படி. எங்கள் புதுக்கோட்டைச் சீமையிலேயே சாட்சி உண்டு. 1886-இல் இங்கே பிறந்த முத்துலட்சுமி மன்னர் கல்லூரியில் சேர வந்தபோது அவர் மார்க்கை யாரும் கேட்கவில்லை. பெண் வந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்றார்கள். தாய் தேவதாசிக் குலம், மரியாதையான குடும்பமில்லை என்றார்கள். அன்றைய தகுதி அது. மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அந்த எதிர்ப்பை ஒதுக்கிவிட்டு இடமும் உதவித்தொகையும் கொடுத்தார். அவர் டாக்டரானார், சென்னைச் சட்டமன்ற மேலவைக்குப் போனார், தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். மன்னர் புகழ் பாட இதைச் சொல்லவில்லை. அதே சமஸ்தானத்தில் என் அப்பாயிக்குப் பள்ளிக்கூடத்து வாசல் எந்தத் திக்கில் இருக்கிறதென்றே தெரியாது. ராசா மனசு வைத்தால் ஒருத்தி படிக்கலாம். வைக்காவிட்டால் தெருவே படிக்க முடியாது.

அண்ணல் இதை அனுபவித்தவர். பரோடா பணத்துக்குப் பத்து வருஷ ஊழியம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, வேலைக்குப் போன இடத்தில் பியூன்கள் கோப்புகளைத் தூக்கி எறிந்ததையும் பார்த்தவர். அதனால்தான் வைசிராயின் நிர்வாகக் குழுவில் உட்கார்ந்த 1942-இலேயே நம் மக்களின் படிப்புக்குப் பணம் கேட்டு மனு எழுதினார். 1944-இல் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை தொடங்கியது. ராசாவின் தயவு அங்கேதான் உரிமையாக மாறியது. அதன் அடிப்படை எளிமையானது. நீ எங்கள் பிள்ளை, நீ ஏழை, நீ பாஸ் பண்ணியிருக்கிறாய், படி. 80-க்கு மேலே இருக்கிறாயா என்ற கேள்வி அதில் இல்லை. அதனால்தான் அதன் மேல் இவ்வளவு கை வைக்கிறார்கள். 2017-18 முதல் 2019-20 வரை மத்திய அரசு முழு நாட்டுக்குமாகக் கொடுத்தது ஆண்டுக்குச் சுமார் 1,100 கோடி. மீதிச் சுமை மாநிலங்களின் தலையில். 2018-இல் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்குக் கிடையாது என்று விதி வந்தது. கூச்சல் எழுந்த பிறகுதான் 2020 டிசம்பரில் 60 சதவீதம் மத்திய அரசு தரும் என்று முடிவெடுத்தார்கள்.

மாநிலத்தையும் விட்டுவிட முடியாது. முதலமைச்சர் தகுதிப் பரிசு என்று ஒன்று உண்டு. நம் மாணவர்களில் பிளஸ் டூவில் முன்னணியில் வந்த 1,000 ஆண், 1,000 பெண்களுக்கு. ஆண்டுக்கு 3,000 ரூபாய் என்றே பல வருஷம் கொள்கை விளக்கக் குறிப்பில் அச்சாகி வந்தது. நாளைக்கு எட்டு ரூபாய் சில்லறை. புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஒரு டீக்குப் பத்தாது. ஆனால் மார்க் மட்டும் மலையுச்சியில் நிற்கணும்.

திறமையைக் காசுக்கு அளவுகோலாக வைக்காவிட்டால் தரம் கெட்டுவிடும் என்பவர்கள் 1991-இல் இந்த ஜில்லாவுக்கு வந்திருக்க வேண்டும். அறிவொளி இயக்கம். எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள், சைக்கிள் ஓட்டச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். கல்லுடைத்த பெண்கள் குவாரியைக் குத்தகைக்கு எடுத்து நடத்தினார்கள். யாரிடமும் பர்சன்டைல் கேட்கவில்லை. 2022-இல் வந்த புதுமைப்பெண், 2024-இல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டங்களில்கூட மார்க் வரம்பு இல்லை. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்திருந்தால் மாதம் 1,000 ரூபாய். தொகை போதாது, சண்டை போட வேண்டியதுதான். ஆனால் மார்க் கேட்காமல் அரசால் கொடுக்க முடியும் என்று அரசே ஒத்துக்கொண்டுவிட்டது.

நம்மிலேயே சிலர் சொல்கிறார்கள், "நம்ம பிள்ளைகளும் எம்பது வாங்குதே, வாங்க வைக்க வேண்டியதுதானே." வாங்கட்டும், சந்தோஷம். அந்த ஒரு பிள்ளையின் போட்டோவைக் காட்டி மிச்சமிருக்கிற தெருவைச் சோம்பேறி என்கிறார்களே, அதற்கு நாம் தாளம் போடக் கூடாது. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் முதலில் நோயில் விழுந்தது பிள்ளைகள். பிறகுதான் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருப்பது தெரிந்தது. அந்த வருஷ வருகைப் பதிவேட்டில் அந்தப் பிள்ளைகளுக்கும் ஆப்சென்ட்தான் விழுந்திருக்கும்.

கல்லூரியில் படிக்கிற தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் கல்லூரியில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். கடந்த ஐந்து வருஷத்தில் உதவித்தொகை புதுப்பிக்கப்படாமல் நின்றவர்கள் எத்தனை பேர், அதில் வருகை குறைவென்று நின்றது எத்தனை, மார்க்கால் நின்றது எத்தனை, பணம் வந்து சேர்ந்த தேதி எது என்று கேளுங்கள். தேதியை விட்டுவிடாதீர்கள். ஜூனில் சேர்ந்த பிள்ளைக்கு அடுத்த மார்ச்சில் பணம் கொடுக்கிறவர்களின் வருகை எத்தனை சதவீதம் என்று அப்போது கணக்குப் போடலாம்.